பொடி டப்பாவைப் பற்றியும் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைக்கும், இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே பணிக்காலத்தைக் கழித்த மருந்தாளுநர் நான். ரத்த அழுத்த நோயாளிகள் வீட்டில் எடுத்துக்கொள்ளும் நாட்டு மருந்துகள் தொடர்பாக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் இடம் மருத்துவமனை ஜன்னலானாலும் சரி, வீட்டுத் திண்ணையானாலும் சரி, “இதோடு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று நோயாளியைக் கேட்க வேண்டும். பதிலை அவருடைய குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்த ஒரே குறிப்பேட்டை ஆங்கில மருத்துவரும் சித்த மருத்துவரும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. இது ஏன் உயிர் காக்கும் கேள்வி என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது நான் மனமார மகிழ்ந்தேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற பதிலோடு திரும்பிப் போனவர்களின் முகம் எனக்குத் தெரியும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அப்படிப்பட்ட நிலையில் மாத்திரை வீடு தேடிப் போவது மிகப் பெரிய காரியம்.

ஆனால் அந்த மாத்திரைப் பட்டை போய்ச் சேரும் அலமாரியில் ஏற்கெனவே சில பொருள்கள் இருக்கின்றன. மருதம்பட்டைப் பொடி, வெண்தாமரை இதழ், காய்ந்த செம்பருத்திப் பூ, நெருஞ்சில், அதிமதுரத் துண்டு, இந்துப்புப் பொட்டலம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பெயரில்லாப் பொடி. இவற்றில் சில நன்மை செய்யும். சிலவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில பொருள்களோ மாத்திரை இறக்கும் அழுத்தத்தை மறுபடி ஏற்றிவிடும். எந்த வீட்டில் எது இருக்கிறது என்று கேட்காமல் நமக்குத் தெரியப் போவதில்லை.

மக்கள் ஏன் இந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். படிப்பறிவு இல்லாததால் போகிறார்கள் என்று மருத்துவர்கள் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது அநியாயமான பேச்சு. பெரும்பாலோர் போவது, மாத்திரையால் வந்த தொல்லையைச் சொன்னபோது யாரும் காது கொடுக்காததால்தான். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் என்ற இன்னொரு மாத்திரையைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வந்து இரவெல்லாம் தூங்கவிடாது. இரண்டுமே நன்கு அறியப்பட்ட பக்க விளைவுகள். இரண்டுக்கும் மாற்று உண்டு. எனலாப்ரிலை நிறுத்தி லோசார்ட்டனோ டெல்மிசார்ட்டனோ கொடுத்தால் அநேகமாக இருமல் அடங்கிவிடும். ஆனால் இருநூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒரு மூதாட்டி “இருமல்” என்று சொன்னால் அவருக்கு ஒரு இருமல் டானிக் கிடைக்கும். அதிலும் சரியாகாவிட்டால் அவர் நாட்டு மருந்துக் கடைக்குப் போவார். கடைக்காரர் என்ன கொடுப்பார்? அதிமதுரம்.

இந்த இடத்தில் உங்கள் பொறுமையைக் கேட்கிறேன்; இந்த மடலின் மையமே இதுதான். அதிமதுரம் நல்ல மருந்து. தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் நம் பாட்டிமார் அதைக் கொடுத்ததில் பிழையே இல்லை. ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. தடையில்லாத கார்ட்டிசோல் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்கிறது. உப்போடு நீரும் சேர்ந்து தேங்க, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சுவீடனில் லிங்ஷோபிங் பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், இளவயது ஆரோக்கியர்கள் 28 பேருக்கு, பாதுகாப்பான அளவு என்று இதுவரை கருதப்பட்ட 100 மில்லிகிராம் கிளிசிரைசிக் அமிலம் அடங்கிய அதிமதுர மிட்டாயைத் தினமும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கே மேல் அழுத்தம் (அளவில் வரும் இரண்டு எண்களில் முதலாவது) சராசரியாக மூன்று புள்ளி கூடியது. ஏற்கெனவே அழுத்தம் உள்ள, அறுபது வயதைக் கடந்த ஒருவர் மாதக்கணக்கில் அதிமதுரக் கஷாயம் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு அம்மாவை நினைவுகூர்கிறேன். எனலாப்ரில் தொடங்கியபின் இருமல். இருமலுக்கு அதிமதுரம். அழுத்தம் ஏறியது. ஏறியதைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இருமல் நிற்கவில்லை, அம்மா அதிமதுரத்தைக் கூட்டினார். அழுத்தம் இறங்காததால் நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் சேர்ந்தது. அந்த மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும், அதிமதுரமும் குறைக்கும். கடைசியில் கை கால் தளர்ந்து, நெஞ்சு படபடக்கிறது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், “வாயில் என்னம்மா மெல்லுகிறீர்கள்?” என்று கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து வேர்த் துண்டை எடுத்துக் காட்டினார். அந்தச் சங்கிலியில் இருந்த ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை.

கால் வீக்கத்தின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. அம்லோடிபினால் வரும் வீக்கத்துக்கு மக்கள் நெருஞ்சில் குடிநீரும் மூக்கிரட்டைக் கஷாயமும் குடிக்கிறார்கள். உடலில் நீர் மிகுந்து வரும் வீக்கமல்ல அது. சிறு ரத்தக் குழாய்கள் விரிவதால் நீர் கசிந்து கணுக்காலில் இறங்குவது. நீர் பிரிக்கும் மருந்து இதைப் பெரிதாகக் குறைக்காது. மாத்திரையை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோதான் வழி. பலன் கிடைக்காத மனிதர் என்ன செய்கிறார்? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். “இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும்” என்ற சொல் அவருக்குத் துணை நிற்கிறது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும், அவர் நிறுத்திய மாத்திரை அதைக் காக்கவே கொடுக்கப்பட்டது என்பதையும் அவரிடம் உட்கார்ந்து பேசிச் சொன்னவர் யார்? அடெனோலால், குளோனிடின் போன்ற அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் முன்னைவிட வேகமாக எகிறும். இதைச் சொல்லாமல் ஒருவர் கையில் மாத்திரை கொடுப்பது பாதி வேலைதான்.

மூலிகைக்கு எதிராக எழுதுகிறேன் என்று சித்த மருத்துவ அன்பர்கள் தயவுசெய்து எண்ண வேண்டாம். உயர் ரத்த அழுத்தத்துக்கு உலகம் கண்ட முதல் பயனுள்ள மருந்துகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்தது. சர்ப்பகந்தா, சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். பீகார்ப் பக்கம் மனநோய்க்கு அதைக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், அந்த வேர் மனக்கொந்தளிப்பைத் தணிப்பதோடு ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். பம்பாயின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தன் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அளந்து, குறித்து, 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பல ஆண்டுகள் உலகெங்கும் அதுவே முக்கியமான ரத்த அழுத்த மருந்துகளில் ஒன்றாக இருந்தது.

அளந்ததால்தான் அதன் குறைகளும் தெரியவந்தன. மூக்கடைப்பு வந்தது. அளவு மிகும்போது சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்குள் போனார்கள். அதனால் இன்று அது பின்வரிசைக்குப் போய்விட்டது. வேரைத் தோண்டினால் செடியே போய்விடும் என்பதால் காடுகளில் அது அருகி, 1990இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும் சர்ப்பகந்தாவின் பெயரில் மாத்திரையும் பொடியும் இன்றும் விற்கப்படுகின்றன. அதையும் அடெனோலாலையும் ஒருவரே எடுத்தால் நாடித் துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம். மனச்சோர்வு உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கேட்டால்தானே தெரியும்?

மருத்துவமனைச் சுவரில் எழுதிப் போட வேண்டிய ஒன்று உண்டு: இந்துப்பும் உப்புதான். ரத்தக் கொதிப்பு வந்ததும் கல்லுப்பை ஒதுக்கிவிட்டு இந்துப்பு வாங்கும் குடும்பங்கள் எத்தனையோ. விலை பல மடங்கு. இளஞ்சிவப்பு நிறத்தைக் காட்டி, அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இருப்பது சோடியம் குளோரைடு, அதாவது நம் வீட்டில் இருந்த அதே உப்பு. நல்ல உப்புதானே என்று கூடுதலாகப் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இந்துப்புக்கும் சேர்த்துத்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் அதைச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை எடுப்பவருக்கும் அந்த உப்பு ஆபத்தாகலாம். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் பழுதான ஒருவர் இந்த மாத்திரைகளோடு தினமும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தாலும் அதே கவலைதான். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அவை அருமையான உணவு. ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அறிவுரையை ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், அதில்தான் சிக்கல்.

செம்பருத்தியில் வேறொரு குழப்பம். செம்பருத்தித் தேநீர் அழுத்தத்தைக் குறைக்கும் என்று ஆய்வு சொல்கிறது என்பார்கள். உண்மையில் ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்டது. லேசான அழுத்தம் கொண்ட 65 பேரில் ஒரு பகுதியினர் ஆறு வாரம், நாளுக்கு மூன்று கோப்பை குடித்தார்கள். அவர்களின் மேல் அழுத்தம் ஏழு புள்ளி குறைந்தது. போலித் தேநீர் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளி அளவில்தான். ஆனால் அந்தச் செடி நம் வேலியில் பூக்கும் செம்பருத்தி அல்ல. சூடானிலும் எகிப்திலும் ‘கர்கதே’ என்று காய்ச்சிக் குடிக்கும், புளிச்சைக்கீரை வகையைச் சேர்ந்த செடி. அதில் பயன்படுவது பூவைத் தாங்கும் சிவந்த சதைப்பற்றான புல்லிவட்டம். ஒரு குடும்பத்துச் செடிகள்தான், ஆனாலும் வெவ்வேறு இனங்கள். ஒன்றின் ஆய்வு முடிவை இன்னொன்றின் மேல் ஒட்டி விற்கக் கூடாது. வேலிச் செம்பருத்தியைக் குடிப்பதால் பலருக்குக் கேடு வராது என்றே நினைக்கிறேன்; அதை நம்பி மாத்திரையை விட்டால் கேடு வரும்.

பூண்டைப் பற்றி நல்ல சேதியே அதிகம். அழுத்தம் உள்ளவர்களுக்கு அது சில புள்ளிகள் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சமையலில் தாராளமாகச் சேர்க்கட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர் மட்டும் பச்சைப் பூண்டைக் கைநிறைய விழுங்குவதற்கும் பூண்டு மாத்திரை வாங்குவதற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பல் பிடுங்கும் முன்பும் சொல்ல வேண்டும். மருதம்பட்டையை இதயநோய்க்காக நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. ஆனால் உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம் என்று சொல்ல அவை போதாது.

பெயர் ஒட்டாத பொட்டலங்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் உடலில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். எதைக் குறைக்க வாங்கினார்களோ அதையே அந்தப் பொட்டலம் கூட்டிவிடலாம். உரிம எண், தயாரித்தவர் முகவரி, தேதி ஆகிய மூன்றும் இல்லாத பொடியை வாங்க வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அரசின் டாம்ப்கால் நிறுவனம் 1983 முதல் சித்த மருந்துகளைச் செய்து வருகிறது. அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் மருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த வசதி தன் ஊரிலேயே இருப்பதை அறியாமல், தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் பணம் அனுப்புகிறார்கள்.

விளம்பரம் என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டத்தின் அட்டவணையில் உயர் ரத்த அழுத்தம் இடம்பெற்றிருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தெளிவான சட்டம் அது. “நாற்பத்தெட்டே நாளில் பி.பி. மாத்திரைக்கு விடை கொடுங்கள்” என்ற ரகத்தில் காலை நேரத்தில் ஓடும் நிகழ்ச்சிகளை உங்கள் அதிகாரிகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். வழக்குப் போடுங்கள். ஐந்தரை ஆண்டு படித்து, பயிற்சி முடித்து, அரசு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் சித்த மருத்துவரின் மதிப்பைக் குலைப்பதும் இந்த வியாபாரிகள்தாம். என் பணிக்காலத்தில் நான் பழகிய சித்த மருத்துவர்கள் நாடியும் பார்ப்பார்கள். கையில் பட்டை சுற்றி அழுத்தமும் அளப்பார்கள். “மாத்திரையை நிறுத்தாதே, இதையும் சேர்த்துக்கொள்” என்று சொல்லி அனுப்பியவர்கள் அவர்கள். அதே வளாகத்தில் இருந்த ஆங்கில மருத்துவருக்கு அந்தச் சேதி போய்ச் சேர வழியில்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே பத்தடி தூரம். இரண்டிலும் வெவ்வேறு சீட்டு.

ஆகவே, குறிப்பேட்டை ஒன்றாக்குங்கள். சித்த மருத்துவர் சூரணம் கொடுத்தால் அதன் பெயரும் அளவும், அன்றைய அழுத்தமும் அதில் ஏறட்டும். அடுத்த மாதம் 140/90க்குக் கீழே வந்ததா என்று இருவரும் பார்க்கட்டும். வராவிட்டால் எந்த மருத்துவம் என்ற கௌரவப் பிரச்சினை இல்லாமல் மருந்தை மாற்றட்டும். நன்றாக இறங்கிவந்தால் மாத்திரையின் அளவைக் குறைக்கும் முடிவையும் மருத்துவரே எடுக்கட்டும்; நோயாளி தானாக எடுக்க வேண்டாம். இருமலும் கால் வீக்கமும் வந்தால் என்ன செய்வது என்று மாத்திரை கொடுக்கும் முதல் நாளே சொல்லுங்கள். வீடு தேடிப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்கு இதற்கெல்லாம் பெரிய பயிற்சி தேவையில்லை. எந்தப் பொருளைக் கண்டால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்ற ஒரு பக்கத் தாள் போதும். அதில் முதல் பெயர் அதிமதுரமாக இருக்கட்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். “நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று அதட்டிக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். திட்டு வாங்கிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. “இருமலுக்கு என்ன போடுகிறீர்கள், தூக்கத்துக்கு என்ன குடிக்கிறீர்கள், சமையலில் எந்த உப்பு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், அடுப்படிக்குப் போய் டப்பாவையே எடுத்துவந்து காட்டுவார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வெண்தாமரையையும் மருதம்பட்டையையும் நம் மக்களே இவ்வளவு பயன்படுத்தும்போது, அவை அழுத்தத்தை எத்தனை புள்ளி குறைக்கின்றன, எந்த மாத்திரையோடு சேரலாம், எதோடு சேரக் கூடாது என்பதை நாம்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். குறிப்பேடு ஒன்றானால் அதற்கான தகவல் மாதாமாதம் தானாகவே சேரும். முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடுங்கள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் ஒரு மருத்துவர் செய்ததை, இத்தனை கல்லூரிகளும் இவ்வளவு நோயாளிகளும் உள்ள நம்மால் செய்ய முடியாதா?

அந்த ஒரு பக்கத் தாளை நான் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மருத்துவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்க எந்த வட்டாரத்துக்குக் கூப்பிட்டாலும், ஊதியம் எதுவும் எதிர்பார்க்காமல், என் செலவில் வருகிறேன். என்னைப் போலவே வரத் தயாராக இருக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் சிலரிடமும் பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.